மருந்து டேங்கில் ஓடிய வைஃபை

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க” என்று ஒருவன் சொன்னால், கவலைப்பட ஆரம்பிக்க வேண்டிய நேரம் அதுதான். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஒருவனாக நானே இருந்து தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மதுரையில் இன்ஜினியரிங் முடித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, ‘வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்’ என்று அவர்கள் சொல்லிவிட்டதால் லேப்டாப்போடு வீடு திரும்பியிருந்தேன். வீடு என்றால் போடிக்குள் இல்லை. போடியிலிருந்து மலையேறி, உச்சியிலிருக்கும் மெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் ஏலம், வேலியோரம் மிளகு. அந்தப் பள்ளத்துக்குள் அட்டை வரும், மேகம் வரும், சில நாள் காட்டுமாடுகூட வரும். செல்போன் சிக்னல் மட்டும் வராது. போன் பேச வேண்டுமென்றால் கால் மணி நேரம் மேலே ஏறி, ரோட்டு வளைவில் இருக்கும் ஒரு பாறைமேல் நிற்க வேண்டும்.

என் வேலைக்காகத்தான் மலையாளியான கேபிள்காரர் ஷாஜி அண்ணன் போஸ்ட் போஸ்ட்டாகக் கம்பி இழுத்து வந்து வீட்டுக்கு நெட் கொடுத்தார். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், சுவரில் ரவுட்டர் என்ற ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டு, அதன் நாலு பச்சை விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்:

“கம்பியில நெட் எப்பவும் வரும் சாரே. பக்ஷே கரண்ட் போயா இந்தப் பெட்டி சாகும். ஒரு பேட்டரி வாங்கி வச்சோ, கேட்டோ.”

“ஷாஜியண்ணே, நான் இன்ஜினியரு” என்றேன். (நான் படித்தது சிவில். அதை அவரிடம் சொல்லவில்லை.)

ஆன்லைனில் ஒரு பவர் பேங்கும், அதன் ஐந்து வோல்ட்டைப் பன்னிரண்டு வோல்ட்டாக உயர்த்தித் தருகிற ஒரு வயரும் வாங்கினேன். மாட்டிப் பார்த்தேன். நாலு விளக்கும் எரிந்தன. அவ்வளவுதான், எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அடுத்த ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு வந்தவர், போனவர், ஏலக்காய் எடுக்க வந்த அக்காமார் என்று யாரையும் விடாமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, “இப்ப பாருங்க, நெட்டு மட்டும் ஓடுது பாருங்க” என்று காட்டினேன். ஒரு தடவை அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது அணைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு மட்டும் தோசை இல்லை.

இந்த நேரத்தில்தான் என் அக்கா ராஜிக்கு ராசிங்காபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் பாண்டி, குவைத்தில் வேலை. இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், பையனும் பெண்ணும் பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் நெட் இருந்தாலும் எல்லோர் காதும் இருக்கிறதே என்று அக்கா ஆறு மாதமாகப் பாறைமேல் நின்று பேசியதில், அந்தப் பாறைக்குப் பேச வந்திருந்தால் அதுவே பத்திரிகை அடித்திருக்கும். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அப்போது பார்த்து மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மாயாண்டி மாமா நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஜீப்பின் முன்சீட்டில் அவர் உட்கார்ந்தால் டிரைவர் கதவோரம் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அப்படி ஒரு உடம்பு.

“நிச்சயத்தத் தள்ளிப்போட வேணாம் சம்பந்தி” என்றார் அப்பாவிடம். “ஆனா ஒண்ணு. பய தன் வாயால சம்மதம்னு சொல்லணும், அத எல்லாரும் கேக்கணும். அதுக்கப்புறந்தான் தட்டு மாத்துவோம். எங்க அண்ணன் மகன இப்படித்தான் கேக்காமக் கொள்ளாம நிச்சயம் பண்ணுனோம். தாலி கட்டுற அன்னைக்குத் திருப்பூருக்கு பஸ்சு ஏறிட்டான். இன்னும் வந்த பாடில்ல.”

“அப்ப போடியில என் தம்பி வீட்டுல வச்சுக்குவோம்” என்றார் அப்பா. “அங்கன சிக்னலு நல்லா கெடைக்கும்.”

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

“எதுக்குப்பா போடி? நம்ம வீட்டுலயே வீடியோ கால் போட்டுருவோம். கரண்டு போனாலும் நெட்டு போகாது மாமா. அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

மாயாண்டி மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி என்ன படிச்சிருக்கு?”

“இன்ஜினியருங்க” என்றார் அம்மா. மாவு விஷயத்தை அவர் மறந்திருந்தார்.

நிச்சயத்தன்று காலையிலேயே காற்றும் மழையும். ஏழு மணிக்கு எங்கோ ஒரு கிளை கம்பிமேல் விழுந்து கரண்டு போனது. வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அவசரமே படாமல் நடந்துபோய் பவர் பேங்கை மாட்டினேன். நாலு விளக்கு. போடியிலிருந்து முதல் நாளே வந்திருந்த சித்தப்பா கையே தட்டிவிட்டார்.

“ஏப்பா, பாஸ்வேர்டு என்ன?” என்று கேட்டார்.

சொன்னேன். சித்தப்பா ஜல்லிக்கட்டு வீடியோ பார்க்க உட்கார்ந்தார். சித்தி தங்கச்சிக்குப் போன் போட்டுப் பூ கட்டுவதைக் காட்டினார். சமையல்காரர் வடைக்கு மாவு ஊறுகிற நேரத்தில் யாரோ ஊரில் செய்கிற வடையைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்று எல்லோருக்கும் படியளப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பவர் பேங்குக்குள் இருப்பது அளவான சரக்கு, ஓட ஓடத் தீரும் என்பது ஒரு இன்ஜினியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். (சிவில், சிவில்.)

பத்தே முக்காலுக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மாயாண்டி மாமாவின் சட்டையில் அன்றைக்குக் கஞ்சி இரட்டிப்பு. மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் பட்டில், அந்த மழையிலும் ஒரு சொட்டுச் சேறு படாமல் இறங்கினார். ஹாலில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் தாம்பாளங்கள். வெற்றிலை, பழம், பூ, புடவை. அதற்கு எதிரே ஸ்டூலில் என் லேப்டாப். பதினொன்றரை வரை நல்ல நேரம்.

பதினொன்று பத்துக்குக் கால் போட்டேன். மாப்பிள்ளை தெரிந்தார். புதுச்சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் அடுக்குக் கட்டிலில் யாரோ தூங்குகிற கால். எல்லோரும் “ஆ!” என்றார்கள். கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் கேட்டது.

மாயாண்டி மாமா லேப்டாப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

“ஏப்பு பாண்டி, நல்லாயிருக்கியா?”

“நல்லாயிருக்கேன் மாமா.”

“சாப்பிட்டியா?”

“சாப்…”

அதோடு நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் இருந்தது. மூக்கு மட்டும் எப்படியோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“ஏன்டா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? சாப்பிட்டியா இல்லையா?” என்றார் மாமா.

மாப்பிள்ளை அசையவில்லை. அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார். “ஆத்தாடி! எம்மகனுக்கு வாய் இழுத்துக்கிருச்சே!” என்று நெஞ்சில் கை வைத்தார். இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். “ஒண்ணுமில்லைங்க, நெட்டு நின்னுருச்சு, ஒரே நிமிஷம்” என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தேன். ஒரு விளக்குகூட இல்லை. பவர் பேங்கைத் தட்டினேன், குலுக்கினேன், யாரும் பார்க்காதபோது ஊதியும் பார்த்தேன். அது தன் கடமையை முடித்துவிட்டிருந்தது.

அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள்.

“டேய், ஆடி பொறந்துட்டா அப்புறம் ஆவணிலதான். அதுக்குள்ள அவுக சொந்தத்துல எத்தனை பேரு எத்தனை பேசுவாக தெரியுமா? இன்னைக்கு மட்டும் இது நடக்கல, உன்னையத் தூக்கி உலர்த்துற ஸ்டோருக்குள்ள போட்டு ஏலக்காயோட காய வச்சிருவேன்.”

அக்கா என்னை மிரட்டுவது புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை அவள் கண் மை கலங்கியிருந்தது. நிஜமாகவே பயந்துபோனேன்.

பின்கட்டில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறைக்கு ஓடினேன். அங்கே மூலையில் நின்றது அப்பாவின் மருந்தடிக்கிற டேங்க். முதுகில் மாட்டிக்கொண்டு செடிக்கு அடிப்பார்களே, அதுதான். கையால் பம்ப் அடிக்கிற பழைய ரகம் இல்லை, அடியில் பேட்டரி வைத்தது. பேட்டரி மூடிமேல் எழுதியிருந்ததைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட். ரவுட்டருக்கு வேண்டியதும் பன்னிரண்டு வோல்ட்! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

(வாசலில் இரண்டு ஜீப்பு நின்றதே, அதில் இரண்டு பேட்டரி இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறு வருடமாக எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தோன்றவில்லை. விட்டுவிடுங்கள்.)

டேங்கைக் கவிழ்க்க முடியவில்லை, கனத்தது. தண்ணீர் இருக்கிறது போலும் என்று நினைத்தேன். அடிமூடியைக் கழற்றினால், பேட்டரிக்குப் போகிற வயர் உள்ளே ஆழத்தில் ஒளிந்திருந்தது. மோட்டாருக்குப் போகிற வயர் கைக்கு எட்டியது. பவர் பேங்க் வயரின் ரவுட்டர் முனையை அறுத்து, சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்புமாக அதில் முறுக்கினேன். அதாவது, டேங்கின் ஸ்விட்சைப் போட்டால் ரவுட்டரும் ஓடும், பம்பும் ஓடும். ஆனால் பம்பால் ஆபத்தில்லை. மருந்தடிக்கும் குழாயின் கைப்பிடியை அழுத்தினால்தான் தண்ணீர் வரும். அழுத்தாவிட்டால் பம்ப் கொஞ்சம் உறுமிவிட்டுத் தானே நின்றுகொள்ளும். கைப்பிடியை யார் அழுத்தப்போகிறார்கள்?

டேங்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தேன்.

“தம்பி என்ன, மருந்தடிக்கப் போகுதா?” என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்.

“பவர் சப்ளைங்க” என்றேன் மிடுக்காக.

டேங்கை ரவுட்டருக்குக் கீழே வைத்து, மேலே ஒரு பட்டுத்துண்டைப் போர்த்தினேன். குழாய் மட்டும் மூன்றடி நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. நிச்சயதார்த்தத்தில் அது அழகாக இல்லை. ஆகவே அதை ஜமுக்காளத்துக்கு அடியில் செருகிவிட்டேன். அதன் நுனி மட்டும் தாம்பாளங்களுக்குப் பக்கத்தில் லேசாக வெளியே தெரிந்தது. அதன்மேல் இரண்டு வெற்றிலையை வைத்து மறைத்தேன். நுணுக்கமான ஆள் நான்.

ஸ்விட்சைப் போட்டேன். ‘கிர்ர்ர்’ என்று உறுமி அடங்கியது. ஒரு விளக்கு, இரண்டு விளக்கு, மூன்று, நாலு! மணி பதினொன்று இருபத்தைந்து. மாப்பிள்ளை உயிரோடு வந்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவர் அம்மா திரையைத் தொட்டுக் கும்பிட்டார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தது என் நினைவில் அது ஒன்றுதான்.

“வெரசாக் கேளுங்கண்ணே, நேரம் போகுது” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாயாண்டி மாமா, பையனின் வாயிலிருந்து சொல் விழுவதைப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டுமென்று, வலது கையை ஜமுக்காளத்தில் ஊன்றி, முழு உடம்பையும் முன்னால் சாய்த்து, “ஏப்பு பாண்டி, நம்ம ராஜியக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?” என்று கேட்டார்.

அவர் கை ஊன்றிய இடத்தில்தான் கைப்பிடி இருந்தது.

‘கிர்ர்ர்ர்ர்’ என்றது டேங்க். வெற்றிலை இரண்டும் பறந்தன. நுனியிலிருந்து விசிறி விரித்தது போலப் பனித்துளியாக ஒன்று எழுந்து, தாம்பாளங்கள்மேலும், அரக்குப் பட்டுமேலும், மாமாவின் கஞ்சி மேலும், ஹாலில் இருந்த அத்தனை பேர்மேலும் சமமாக, யாரையும் விட்டுவிடாமல் இறங்கியது. முதலில் பன்னீர் தெளிக்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். ஒரு பாட்டி கையை நீட்டி வாங்கி முகத்தில்கூடத் தடவிக்கொண்டார். பிறகு நாற்றம் எழுந்தது.

அது தண்ணீர் இல்லை. மீன் அமிலம். மீன் கழிவையும் வெல்லத்தையும் நாற்பது நாள் ஊறவைத்து எடுப்பது. செடிக்கு அமிர்தம், மனிதனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. முதல் நாள் தெளிக்கக் கலந்து வைத்து, மழை வந்ததால் அப்படியே விட்டிருந்தார் அப்பா. “டேங்கத் தொடாதடான்னு சொன்னேனே!” என்று கத்தினார். சொல்லியிருப்பார். நான் ஹெட்போனில் இருந்திருப்பேன்.

மாமா பதறிக் கையை எடுத்தார். ஆனாலும் நிற்கவில்லை. நாளெல்லாம் மருந்தடிப்பவர்களுக்குக் கை வலிக்கக் கூடாது என்று அந்தக் கைப்பிடியில் ஒரு கொக்கி வைத்திருப்பார்கள், அழுத்தி முன்னே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். மாமா தள்ளியிருந்தார்.

நான் ஸ்விட்சுக்குப் பாய்ந்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்துவிட்டாள்.

“அமத்தாதடா! அவுக இன்னும் சொல்லல!”

அவள் சொன்னது உண்மை. ஸ்விட்சை அணைத்தால் ரவுட்டரும் அணையும், மாப்பிள்ளையும் போய்விடுவார். ஒரு கையை ஸ்விட்சில் வைத்துக்கொண்டு, மீன் மழையில் நனைந்தபடி நான் திரையைப் பார்த்தேன். குவைத்திலிருந்து பேச்சு வந்து சேரச் சில நொடி ஆகும். ஆனால் மாப்பிள்ளை பேசவே இல்லை, கண்ணை அகல விரித்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா அங்கன, மழை ஒழுகுதா?”

“மழையும் இல்ல, மயிரும் இல்ல! சம்மதமா இல்லையாடா, சொல்லித் தொலைடா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அலறினார் மாயாண்டி மாமா.

“அண்ணே, ஸ்விட்சு!” என்று யாரோ. “டேய், அமத்துடா!” என்று அப்பா. “அமத்துன, கொன்னுருவேன்!” என்று அக்கா. வாசலில் படுத்திருந்த இரண்டு பூனைகள் நேராக உள்ளே வந்து மாப்பிள்ளையின் அம்மாவுடைய காலை நக்க ஆரம்பித்தன.

திரையில் மாப்பிள்ளையின் பார்வை அக்காமேல் நின்றது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, முகமெல்லாம் மீன் துளியோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தம்பியைக் கொல்லத் தயாராக நின்றாள். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

“சம்மதம் மாமா. நூறு தடவை சம்மதம்.”

நான் ஸ்விட்சை அணைத்தேன். மணி பதினொன்று இருபத்தெட்டு.

ஹாலில் பூனைகள் நக்குகிற சத்தம் மட்டும். எனக்குத் திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசனை ஓடியது. மாயாண்டி மாமா சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் நீளமாக மோந்தார். திரும்பவும் மோந்தார்.

“சம்பந்தி, இது மீன் அமிலமா?”

“ஆமாங்க… மன்னிச்சுக்கங்க…” அப்பா ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

“வெல்லம் போட்டீகளா, நாட்டுச்சர்க்கரையா?”

“வெல்லந்தான்.”

“அதான பாத்தேன். நான் சர்க்கரை போட்டேன், புழு வச்சுருச்சு. இதுல புழு வாடையே இல்லையே! எத்தன நாளு ஊறுச்சு?”

“நாப்பது.”

“மூடி இறுக்கமா, லேசா விடணுமா?”

அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் நனைந்த சட்டையோடு தாம்பாளத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மீன் கழிவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். “தட்ட மாத்திட்டுப் பேசுங்கய்யா, நேரம் முடியப்போகுது!” என்று சித்தப்பா இடையில் புகுந்து, தட்டுகளை இருவர் கையிலும் திணித்து மாற்ற வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அன்று முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இருக்கிற பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அது கோபத்தாலா, நான் டேங்குக்கு மிக அருகில் நின்றதால் அடித்த வாடையாலா என்று தெரியாது.

கரண்டு இல்லை, வெந்நீர் போட விறகுதான். மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குளித்தார்கள். எங்கள் வீட்டு அலமாரி காலியானது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அம்மா, அக்கா, சித்தியின் புடவைகளிலும், ஆண்கள் அப்பாவின் கைலிகளிலும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாயாண்டி மாமாவுக்கு எந்தச் சட்டையும் நுழையாமல், கடைசியில் என் கம்பெனி கொடுத்த டீ-ஷர்ட் தொப்புள் வரை நுழைந்தது. முதுகில் ‘எங்களுக்கு முடியாதது எதுவுமில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதோடு, மடியில் ஒரு கேன் மீன் அமிலத்தை வைத்துக்கொண்டு, ஜீப்பின் முன்சீட்டில் மலையிறங்கினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வந்து இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்துக் காதில் சொன்னார்: “மாப்ளே, அன்னைக்கு நீ ஸ்விட்ச அமத்தியிருந்தா உங்கக்கா உன்னைய நெசமாவே கொன்னுருக்கும். அந்த மூஞ்சியப் பாத்துத்தான் தைரியசாலின்னு முடிவு பண்ணுனேன்.” யார் தைரியசாலி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் எனக்குத் தேவாரம் ஊரில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா விசாரிக்க ராசிங்காபுரத்துக்கு மாயாண்டி மாமாவிடம் போயிருக்கிறார். மாமா என்னைப் பற்றி ஒரு மணி நேரம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு, அவரை வாசல் வரை வழியனுப்ப வந்து, குரலைத் தாழ்த்தி, “தங்கமான பய. குடி, சீட்டு எதுவும் கிடையாது. வயரு, பேட்டரி பக்கம் மட்டும் விட்டுராதீக” என்றிருக்கிறார்.

அதை அவர் அப்படியே மகளிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்த மகள்தான் இப்போது என் மனைவி, சொல் பேச்சு கேட்கிறவள். எங்கள் வீட்டில் பியூஸ் போடுவது, பல்பு மாற்றுவது, ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இணைத்தது எல்லாம் அவள்தான். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன். அதையும், இரண்டு கையாலும் பிடிக்கிறேனா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.